வெள்ளானூரில் ஓர் ஒட்டுக் கத்தி

சென்னையை ஒட்டிய கரையான்சாவடியில் நான் தங்கிய லாட்ஜ் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்தால் மெயின் ரோடு மொத்தமும் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். மூடினால் காற்று கிடையாது. முதல் நாள் காலையில் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காலைல வரும் சார். காலைல எப்பன்றது தண்ணிக்குதான் தெரியும்."

இந்தப் பேச்சை மனத்தில் முடிந்துகொண்டேன். ஊர் ஊராகப் போய்ப் பழைய கத்தி சேர்க்கிறவன் நான். கத்தி கிடைக்காத ஊரிலும் இப்படி ஒன்றிரண்டு பேச்சு கிடைத்துவிடும். அதற்கு விமானத்தில் எடை போடுவதில்லை.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். பழைய மடக்குக் கத்திகளைத் தேடி வாங்கி, துரு எடுத்து, எந்த ஊரில் செய்தது, யாருக்காகச் செய்தது என்று கண்டுபிடித்து வைப்பது என் கிறுக்கு. யாரிடமும் படிக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. அதிலும் ரப்பர் தோட்டத்து ஒட்டுக் கத்தி என்றால் எனக்குச் சோறு வேண்டாம். கன்றின் பட்டையைச் சீவித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுக்கண்ணை எடுத்து உள்ளே வைத்துக் கட்டுவார்களே, அதற்கான கத்தி அது. உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு முனையில் பிளேடு மடங்கும், மறுமுனையில் பட்டையை நெம்ப ஒரு பித்தளை நாக்கு.

போன மாதம் வெள்ளானூர் தாமோதரன் என்பவர் அப்படி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஆவடிக்குப் பக்கத்து ஊர். மங்கலான படம். துரு பிடித்த பிளேடு. அதன் அடிக்கட்டையில், பிடியோடு சேரும் இடத்தில், பாதி துருவுக்குள் ஒரு முத்திரை இருப்பது தெரிந்தது. அந்த முத்திரையைப் படித்தால் கத்தியின் ஜாதகம் வந்துவிடும். கூடவே குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்.

"சார், எங்கப்பா மலேயாவுல ஒட்டுக் கட்ற வேலையில பெரிய ஆளா இருந்தேன்னு சொல்லிகினே இருந்தாரு. தொரை குடுத்த கத்தி இதுன்னுவாரு. எங்க சித்தப்பா, அவன் அங்க புல்லு புடுங்கினான்னுவாரு. ஊரே எங்கப்பாவுக்கு டூப்பு முனுசாமின்னு பேரு வச்சிச்சி. அவரு போயி ஒரு வருஷம் ஆவுது. நீங்க வந்து பாத்து நெசமா இல்லையான்னு சொல்லுங்க. கத்திய நீங்களே எடுத்துக்கினு போங்க. எனக்கு நெசம் போதும்."

இப்படிக் கேட்டால் எப்படிப் போகாமல் இருப்பது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தாமோதரனுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புச் சாமானுக்கு முலாம் பூசுகிற ஒரு சின்னக் கம்பெனியில். லீவு கிடைக்காது, வேலை இடத்துக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஏறினேன். மெட்ரோ தூண்களின் நிழலில் பஸ் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது, பிறகு ஒரேயடியாக நின்றது. டிரைவர் இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கோயிலில் தீபாராதனை முடிந்ததுபோல, "எல்லாம் எறங்கிக்கங்க" என்றார். பின்னால் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். எங்கள் ஊரில் பஸ் வரவே வராது; வந்தால் போய்ச் சேரும். இங்கே நொடிக்கொன்று வருகிறது. போய்ச் சேர்வதற்கு அது வாக்குக் கொடுக்கவில்லை.

கம்பெனி வாசலிலேயே ஆசிட் நெடி மூக்கைப் பிடித்தது. உள்ளே தொட்டி தொட்டியாகப் பச்சை நிறத்தில் தண்ணீர், கம்பியில் தொங்கும் சைக்கிள் கைப்பிடிகள், பாலிஷ் சக்கரத்தின் இரைச்சல். தாமோதரன் ஐம்பதை நெருங்குகிறவர். முகமெல்லாம் பாலிஷ் தூள், கண் மட்டும் தனியாகத் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு லாக்கரிலிருந்து மஞ்சள் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, ஸ்டூலின் மேல் பிரித்து வைத்தார். கையில் கொடுக்கவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் வைத்துத்தான் எடுப்போம். அதைப் பார்த்ததும் மனிதரைப் பிடித்துவிட்டது.

பிறகு கத்தியைப் பார்த்தேன்.

அதில் என் முகம் தெரிந்தது. பயணக் களைப்பு, சவரம் செய்யாத தாடி, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

"ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு வருஷப் படையல் சார்" என்றார் தாமோதரன். "எலைக்குப் பக்கத்துல வைக்கணும். துருவோட எப்டி வைக்கறது? அதான் நானே நல்லா பஃப் அடிச்சி, துரு எல்லாம் எடுத்து, காப்பர் குடுத்து, அதுக்கு மேல நிக்கல் ஏத்திட்டேன். வாரண்டியே குடுக்கலாம்."

பிளேடைத் திறந்து அடிக்கட்டையைப் பார்த்தேன். முத்திரை இருந்த இடம் குளத்துத் தண்ணீர் மாதிரி வழவழப்பாக இருந்தது. நகத்தால் தடவினேன். பாக்கெட்டிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பித்தளை நாக்கு கூட வெள்ளியாகியிருந்தது.

உலகத்தில் எத்தனையோ விதமாகக் கத்தியைக் கெடுத்துப் பார்த்திருக்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்கள் உண்டு, பெயிண்ட் அடித்தவர்கள் உண்டு. இவ்வளவு அன்பாக, இவ்வளவு நேர்த்தியாகக் கெடுத்து நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு ஸ்பேனரையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளவென்று அடுக்குகிற ஆள்தானே நானும். திட்ட வாய் வரவில்லை.

"இங்கே எழுத்து இருந்ததே" என்றேன்.

"எழுத்தா? ஏதோ கீறலாட்டம் இருந்திச்சி சார். அதுக்குள்ளதான் துரு உக்காந்துகினு இருந்திச்சி. அத எடுக்கதான் ரொம்ப நேரம் ஆச்சி."

அந்த எழுத்துதான் உங்கள் அப்பாவின் சாட்சி என்று விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவருடைய கை பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டது.

"அப்போ நானே அழிச்சிட்டேன்றீங்க."

டீ வந்தது. பேப்பர் கப்பில் ரெண்டு வாய். எங்கள் ஊரில் பெரிய கிளாஸில் ஆற்றித் தருகிற தே தாரேவை நினைத்துக்கொண்டு குடித்தேன். குடித்து முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், ஞாயித்துக்கெழம எல்லாரும் வருவாங்க. சித்தப்பாவும் வருவாரு. நீங்க மலேசியாவுலேந்து வந்தவரு, நீங்க சொன்னா எடுபடும். ஒரிஜினல் கத்திதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இன்னா போவுது?"

பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்னா போவுது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். பெரிதாக ஒன்றும் போகாதுதான். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், வீட்டில் அலமாரியில் நான் பெயர் எழுதி வைத்திருக்கிற கத்திகளில் எதை நம்புவது?

இரண்டாம் நாள் சனிக்கிழமை. எழுந்திருக்கவே மனமில்லை. தண்ணீருக்குத் தெரிந்த காலை இன்னும் வரவில்லை. பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது, எனக்குக் கட்டில்தான் கூப்பிட்டது. இருந்தாலும் பூந்தமல்லிப் பக்கம் காயலான் கடைகளில் ஏதாவது சிக்குமா என்று ஒரு சுற்றுப் போய்வந்தேன். பழைய இரும்புக் குவியல் மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம் பழைய மடக்குக் கத்தி இருக்கிறதா என்று விசாரித்தேன். மேலும் கீழும் பார்த்தார்.

"கத்தியெல்லாம் வச்சிகினா போலீஸ் வந்து பேர் கேக்கும் நைனா. உன் வயசுக்கு ஒரு நல்ல பாக்குவெட்டி கீது, எடுத்துக்கறியா?"

பாக்குவெட்டியும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் வந்த வேலை வேறு.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் முக்கால் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஓர் இளைஞன், வடக்கத்தி, போனில் தாயாரிடம் பேசிக்கொண்டே வந்தான். "அம்மா" என்பது மட்டும் விளங்கியது. என்ன சொல்கிறான் என்று டிரைவரைக் கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் இந்தி வரும்போல. "சோறு நல்லா கீதாம். வேல நல்லா கீதாம். ரூமு நல்லா கீதாம்" என்று கியரை மாற்றினார். "எல்லாம் பொய் சார். அம்மாகிட்ட எல்லாரும் அதான் சொல்றது. நான் செய்யாறுலேந்து வந்தப்ப நானும் அதான் சொன்னேன்."

தூரத்தில் இருப்பவர்களிடம் பெரிதாகச் சொல்வது, திரும்பி வந்து தூரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்வது. முனுசாமியும் அந்த வகைதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோட்டத்தில் புல் வெட்டியவர்களும் மடக்குக் கத்தி வைத்திருந்தார்கள். யாராவது ஒட்டுக்கட்டுகிறவரிடம் வாங்கியிருக்கலாம். கீழே கிடந்து எடுத்திருக்கலாம். முகத்தைக் கழுவலாம் என்று அறைக்கு வந்தால் தண்ணீர் வந்து போய்விட்டது என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி வரை பஸ். அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரர் வழியில் ஏறிய இன்னொருவருக்காகத் திருப்பியதில் ஏதோ ஒரு புது மனைப்பிரிவுக்குள் போய்விட்டோம். எல்லாத் தெருவுக்கும் ஒரே முகம், எல்லா வீட்டுக்கும் ஒரே கேட். மதுரையிலிருந்து வந்து குடியேறியிருக்கிற ஒரு பெண்ணிடம் பழைய வெள்ளானூர் எது என்று கேட்டோம். "இதுதான் வெள்ளானூர்னு சொல்லித்தான் வித்தாங்க. பழசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள். இருந்தது, பின்னாலேயே. வேப்பமரமும் தண்ணீர் டேங்கும் தாண்டி, தாமோதரனின் ஓட்டு வீடு, பக்கத்தில் பாதி கட்டி நிறுத்திய செங்கல் சுவர்.

வாசலில் செருப்புகள். உள்ளே முனுசாமி மாலையோடு சுவரில் இருந்தார், ஏதோ சொல்லவந்து நிறுத்தின முகம். கீழே தலைவாழை இலை. தாமோதரனின் மனைவி கஸ்தூரி மட்டன் குழம்பு, வடை, பாயசம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். பீடிக் கட்டும் குவார்ட்டர் பாட்டிலும் முன்பே வந்துவிட்டிருந்தன. இலைக்கு வலது பக்கம், வெற்றிலையின் மேல், கத்தி. வெயில் பட்டுக் கூரையில் ஒரு வெளிச்சத்தை ஆடவிட்டது.

நாற்காலியில் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர். முனுசாமியின் தம்பி எத்திராஜ். மலேயாவைப் பார்க்காதவர், வெள்ளானூரை விட்டு நகராதவர்.

"மலேசியாவுலேந்து வந்துகீறது நீதானா? வா, குந்து" என்றார். "எங்கண்ணன் சொன்ன புலி கத உனக்குத் தெரியுமா? தோட்டத்துல புலி வந்திச்சாம். இவன் மொறச்சானாம். அது திரும்பிப் போயிடிச்சாம். பாம்பப் பாத்தா கட்டில் மேல ஏறுவான் அவன்."

கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். தாமோதரன் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கெஞ்சல்தான், வேறில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, படைப்பதற்கு முன் கத்தியை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நேரத்தை ஓட்டத்தான் கேட்டேன், வேறு யோசனை ஒன்றும் இல்லை.

"எடுத்துப் பாருங்க" என்றார் கஸ்தூரி. "அது சும்மா பேருக்குதான் கத்தி. நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு எலுமிச்சம்பழத்த வெட்டுனேன், கோணலா போச்சு. கொய்யாக்காய வெட்டுனேன், அதுவும் கோணல். எங்க வீட்ல யாரு கைக்கும் ஒத்து வராது. மாமா ஒருத்தர்தான் வச்சிருந்தாரு."

பையில் எப்போதும் ஒரு சின்ன சாணைக்கல் வைத்திருப்பேன். பின்வாசலில் போய் உட்கார்ந்து, கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கத்தியை வைத்தேன். பாலிஷ் சக்கரத்தில் கூர் மழுங்கியிருந்தது, அதையாவது சரிசெய்து கொடுப்போம் என்று.

ஒட்டுக் கத்தி சமையல் கத்தி மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்திருக்காது. ஒரு பக்கம் பலகையாகத் தட்டை, மறுபக்கம் மட்டும் சாய்வு. சாய்வை எந்தக் கோணத்தில் கல்லில் வைக்க வேண்டும் என்பது என் கைக்கு மனப்பாடம். வைத்தேன், உட்காரவில்லை. ஆடியது. களைப்பு என்று நினைத்தேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் ஆடியது. சும்மா திருப்பி வைத்துப் பார்த்தேன். கத்தி கல்லோடு கப்பென்று ஒட்டிக்கொண்டது.

நான்கைந்து முறை இழுத்தேன். நிக்கலும் காப்பரும் உரிந்து, அடியில் பழைய எஃகு நூல்போல ஒரு கோடாகத் தெரிந்தது. தப்பான பக்கத்தில்.

முத்திரையைத்தான் அன்றைக்கு அவ்வளவு நேரம் தேடினேன். பிளேடைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பாலிஷ் சக்கரம் எழுத்தை அழிக்கும். சாய்வை அழிக்க அதனால் முடியாது.

தொட்டியில் ஒரு கொய்யாச்செடி இருந்தது. கஸ்தூரியிடம் கேட்டு ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டேன். வலது கையால் சீவினேன், கத்தி மரத்துக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. இடது கைக்கு மாற்றினேன். என் இடது கை எதற்கும் உதவாதது. அதில்கூடப் பட்டை ரிப்பன்போல எழுந்து வந்தது.

உள்ளே போய் எத்திராஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க அண்ணன் எந்தக் கைக்காரர்?"

தாமோதரன், "சோத்தாங்கைதான் சார், சாப்பிடறது, எழுதறது எல்லாம்" என்று தொடங்கினார்.

"உனக்கு இன்னாடா தெரியும்" என்றார் எத்திராஜ். "அவன் நொட்டாங்கை. பொறந்ததுலேந்து. நொட்டாங்கையால சோத்த அள்றான்னு எங்கப்பா அந்தக் கையக் கயித்தால இடுப்போட கட்டிப் போட்டுடுவாரு. சாப்புட்டு முடிக்கறவரைக்கும் கட்டுதான். நான் எதுத்தாப்புல குந்தினு பாத்துகினே சாப்புடுவேன். அழுதுகினே சோத்தாங்கைக்கு மாறினான். அப்புறம் எங்க மாமனோட மலேயா போனான்." நிறுத்தினார். "இன்னாத்துக்குக் கேக்கற?"

நான் கத்தியைத் தரையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒட்டுக் கத்தி வலது கைக்காரர்களுக்காகச் செய்வது. தோட்டங்களுக்குப் பெட்டி பெட்டியாக வந்ததெல்லாம் அதுதான். இது இடது கைக்கென்று சாய்வு மாற்றிச் செய்தது. கடையில் தொங்காது. இன்னாருக்கு வேண்டும் என்று எழுதிப் போட்டு, சீமையில் தனியாகச் செய்து, கப்பலில் வரவேண்டும். நான் இத்தனை காலம் இந்தக் கிறுக்கில் இருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதாகக் காதால் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. புல் வெட்டுகிறவருக்காக எந்தத் துரையும் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ள மாட்டான். இங்கே கட்டிப் போட்ட அந்த இடது கை அங்கே துரைக்கு வேண்டியிருந்திருக்கிறது.

"வேற எவனோடதாவது இருந்தா?" என்றார் எத்திராஜ். குரலில் முன்பிருந்த காரம் இல்லை.

"இருக்கலாம். ஆனா அவனும் நொட்டாங்கையா இருக்கணும்."

தாமோதரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்கழுத்து மட்டும் தெரிந்தது. கஸ்தூரி சத்தமில்லாமல் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

கற்பூரம் ஏற்ற நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தாமோதரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்து, பழைய இடத்திலேயே, இலைக்கு வலது பக்கம் வெற்றிலையின் மேல் வைத்தார். எத்திராஜ் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். முழங்கால் என்னுடையதைவிட மோசம். இலைக்கு முன்னால் வந்து குனிந்து, வெற்றிலையோடு கத்தியை எடுத்து, இலையைச் சுற்றிப் போய், இடது பக்கம் வைத்தார். அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெற்றிலையின் காம்பை மட்டும் விரலால் ஒருமுறை நேராக்கிவிட்டார்.

பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். மூன்று நாளில் நான் ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கிளம்பும்போது தாமோதரன் கத்தியைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் தரையில் வைத்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர். நான் துணியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு என் சாணைக்கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "சாய்வுப் பக்கம் மட்டும் தீட்டணும். நிக்கலெல்லாம் இருக்கட்டும், எடுக்காதீங்க. அது நீங்க போட்டது."

ஆவடி போகிற ஷேர் ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றிவிட எத்திராஜ் தெருமுனை வரை வந்தார். நான் வண்டியில் பாதி உட்கார்ந்தபின் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"கத்தி சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் புலி டூப்புதான். அதயும் நெசம்னு எழுதிகினு போயிடாத."

புலியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். ஆட்டோ கிளம்பியது. மடியில் பை லேசாக இருந்தது. ஆவடி வருமுன் தூங்கிவிட்டேன், டிரைவர்தான் தட்டி எழுப்பினார்.